நேலப்பட்டு ஏரியில் கூழைக்கடாக்களின் கூடுகட்டும் பருவம்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் விவசாயக் கடன் ஒழுங்காகத் திரும்பி வரும் என்பது கிராமக் கிளைகளில் பணியாற்றிய எங்களைப் போன்றோரின் அனுபவம். அதே மழையை நம்பி வேறொரு கூட்டமும் கணக்குப் போடுகிறது என்பதை, சில ஆண்டுகளுக்கு முன் நெல்லூர்ப் பகுதிக்குப் பணிமாற்றம் பெற்றுச் சென்றபோதுதான் அறிந்தேன்.

ஆந்திர மாநிலம் சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே, துரவாரிச் சத்திரத்தை அடுத்து உள்ளது நேலப்பட்டு. பழவேற்காடு உப்பங்கழிக்கு அருகிலுள்ள இந்த ஏரியும் அதைச் சூழ்ந்த காடும் சேர்ந்து சுமார் 459 ஹெக்டேர் பரப்புடையவை. 1976ஆம் ஆண்டு இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரிக்குள் நீரில் நின்றபடியே வளரும் பாரிங்டோனியா மரங்களின் உச்சிகளில் புள்ளி அலகுக் கூழைக்கடாக்கள் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. நாரைகளும் நீர்க்காகங்களும் அண்டை வீட்டார்.

இவை தொலைதூர நாடுகளிலிருந்து வரும் விருந்தாளிகள் எனப் பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. நம் நாட்டிலேயே நீர்நிலை விட்டு நீர்நிலை மாறி வாழும் பறவை இது. சிறகை விரித்தால் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலம். எடை ஐந்து கிலோ அளவு. இவ்வளவு பெரிய பறவை, மெல்லிய கிளைமீது குச்சிகளை அடுக்கிக் குடும்பம் நடத்துவதே ஒரு வியப்பு. இனப்பெருக்கக் காலத்தில் கண்ணைச் சுற்றிய தோல் நிறம் கூடும். முதுகின் பின்பகுதியில் இளஞ்சிவப்புச் சாயல் தோன்றும். மேல் அலகின் ஓரமாக வரிசையிட்ட நீலப் புள்ளிகளைக் காணத் தொலைநோக்கி வேண்டும்.

அலகின் கீழே தொங்கும் பையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பறவை அதில் மீனைச் சேமித்து வைக்கிறது என்பர். அது சேமிப்புக் கணக்கு அன்று. நீரோடு மீனை வாரி எடுத்து, நீரை வடியவிட்டு, மீனை உடனே விழுங்குவதற்கான வலை அது. தெலுங்கில் இப்பறவையைக் ‘கூடபாத்து’ என்கின்றனர். ‘கூட’ என்பது வயலுக்கு நீர் இறைக்கும் கூடை. பெயரிட்டவர் பறவையை நன்றாகக் கவனித்திருக்கிறார். குஞ்சுக்கு உரிய மீன் இரைப்பையில்தான் பயணம் செய்கிறது. கூட்டுக்கு வந்த பின் தாயோ தந்தையோ அலகைத் திறக்க, குஞ்சு தன் தலை முழுவதையும் உள்ளே நுழைத்து உண்கிறது. முதன்முறை காண்போருக்குச் சற்று அச்சமூட்டும் காட்சி இது.

இனி கணக்குக்கு வருவோம். மழைக்குப் பின் கூடு கட்டி, வழக்கமாக மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும் இப்பறவைகள் ஒரு மாதத்திற்குச் சற்று அதிகமாக அடைகாக்கின்றன. பொரித்த குஞ்சு மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை கூட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு அகலாது. டிசம்பரில் இட்ட முட்டை ஜனவரியில் பொரிந்தால், குஞ்சு சுயமாக வாழச் சித்திரை பிறந்துவிடும். அதுவரை மரத்தடியில் நீர் நிற்க வேண்டும். கூட்டுக்கு அந்நீரே அகழி. நீர் வற்றினால் நாயும் நரியும் மரத்தடி வரை வரும், மனிதரும் வருவர். பழவேற்காட்டின் ஆழமற்ற பகுதிகள் வறண்டால், இரை தேடும் தூரமும் கூடும். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் கூடு கட்டாமலே இருந்துவிடலாம். கட்டிய பின் நீர் வற்றுவதே பெருந்துயரம். இத்தகைய ஏரிகளில் மதகைத் திறப்பது நெற்பயிருக்கு வாழ்வு, மூடி வைப்பது கூட்டுக்குக் காவல். கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய நான் இதில் எந்தப் பக்கம் பேசுவது என்று இன்றளவும் எனக்குத் தெளிவில்லை. எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்தால் உரச்செலவு குறைகிறது என்று விவசாயி ஒருவர் கூறியது மட்டும் ஆறுதல்.

ஆபத்து நீரில் மட்டுமன்று. ஸ்ரீகாகுளம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள தேலிநீலாபுரத்தில் ஊருக்கு நடுவேயுள்ள மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைக் காக்கின்றனர். 2021 டிசம்பரிலும் அதையடுத்த வாரங்களிலும் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வளர்ந்த பறவைகள் மரத்திலிருந்து விழுந்து மாண்டன. மீன் வழியாக உடலில் புகுந்த உருளைப் புழுக்களே காரணம் எனக் கண்டறிந்தனர். தாய் தந்தையை இழந்த குஞ்சுகளின் கதியை விளக்க வேண்டியதில்லை.

பார்க்கச் செல்வோர் செய்யக்கூடிய தீங்கை நான் நேரில் கண்டேன். உடன் வந்த நண்பர், பறக்கும் காட்சியைப் படமெடுக்க விரும்பிக் கரைமேல் நின்று பலமாகக் கைதட்டினார். அருகிலிருந்த மரத்துப் பறவைகள் எழும்பின. அவை திரும்பி வந்து அமர்வதற்குள் காகமொன்று கூட்டில் இறங்கி, முட்டையுடன் பறந்துவிட்டது. தடுக்கத் தவறிய என் பங்கும் அதில் உண்டு. முட்டை மட்டுமன்று, இறகு முளைக்காத குஞ்சுகளுக்குப் பெற்றோரின் உடலே நிழல். அவை விலகினால் வெயில் குஞ்சுகளைத் தாக்கும்.

ஆகவே கண்காணிப்புக் கோபுரத்திலிருந்தோ கரையில் அனுமதிக்கப்பட்ட இடத்திலிருந்தோ மட்டும் பாருங்கள். மங்கலான நிற ஆடை நல்லது. ட்ரோன், ஒலிபெருக்கி, பிளாஷ் ஆகியவை கூடவே கூடாது. குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். மெதுவாகப் பேசச் சொன்னால் பெரியவர்களைவிட அவர்களே கேட்கின்றனர்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. விடியற்காலையில் மட்டுமே செல்ல வேண்டும் என்பதில்லை. வெயில் ஏறி நிலம் சூடானபின், மேலெழும் வெப்பக் காற்றில் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு உயர்ந்து இவை பழவேற்காட்டை நோக்கிச் செல்வதையும், அங்கிருந்து திரும்பி வந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டில் இறங்குவதையும் காணலாம். சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். குடிநீரும் உணவும் கையோடு கொண்டு செல்லுங்கள்; வெற்றுப் பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.