சாடிகளிற் காய்கறிச் செய்கை

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வயல் செழிக்கின்றது. ஆனால் பள்ளமான வீட்டு வளவுகளில் நீர் தேங்குவதால் மிளகாயும் கத்தரியும் வேரழுகி மடிகின்றன. நெல் விளைவிக்கும் குடும்பமும் காய்கறியைச் சந்தையிற் பணங்கொடுத்து வாங்க நேரிடுகின்றது. 2022ஆம் ஆண்டில் விலைவாசி ஏறியபோது பல குடும்பங்கள் இக்குறையை நன்குணர்ந்தன. நிலமட்டத்துக்கு மேலே சாடிகளிற் பயிரிடுதல் இதற்கு ஏற்றதொரு வழியாகும்.

மட்சாடி, பழைய வாளி, வெறும் பசளைப்பை ஆகியன இதற்கு உதவும். கீரைவகைகளுக்கு 6 அங்குல ஆழம் போதும். மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றுக்கு 12 அங்குலமாவது வேண்டும். பூச்சிநாசினி இருந்த கலங்களை எவ்வளவு கழுவினும் உணவுப்பயிருக்கு உபயோகித்தலாகாது.

சாடியின் அடியிற் சில துவாரங்கள் இடுதல் இன்றியமையாதது. அவற்றின்மேல் ஓட்டுத்துண்டுகளை வைத்து, மேல்மண், மணல், நன்கு உக்கிய கூட்டெரு ஆகியவற்றைச் சமபங்காகக் கலந்து நிரப்புக. சாடியைச் செங்கற்களின்மேல் வைத்தால் நீர் தடையின்றி வடியும். நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது வெயில் படவேண்டும். மண்ணில் ஓரங்குல ஆழத்துக்கு விரலைச் செலுத்திப் பார்த்து, ஈரம் இல்லையாயின் மட்டுமே நீரூற்றுக. இரு கிழமைக்கொருமுறை ஒரு பிடி கூட்டெரு இடுக.

சாடியின் கீழ்த் தட்டு வைப்பதைத் தவிர்த்தல் நன்று. தட்டிலும் துவாரமற்ற கலங்களிலும் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு கிழமையிற் பெருகிவிடும். ஆதலால் கிழமைக்கொருமுறையாவது அவற்றைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கறிக்கு வைத்த செடி வீட்டுக்குக் காய்ச்சலைக் கொண்டுவரலாகாது.