துணைக்கு வந்தவர் தலைமை ஏற்கும் மேடை

இசை நிகழ்ச்சி ஒன்றின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு பெயரும், அதன் கீழே சிறிய எழுத்தில் வேறு சில பெயர்களும் அச்சிடப்பட்டிருப்பதை நாம் காண்கின்றோம். நுழைவுச்சீட்டு விற்பனையாவது பெரிய எழுத்துக்குரியவருக்காகவே. சிறிய எழுத்துக்குரியவர், மண்டபம் நிறையும் வரை சபையோரின் பொறுமையைக் காப்பதற்காக அழைக்கப்படுபவர். மேலைத்தேய மேடையிசை உலகில் இது நீண்டகால வழமையாகும். ஆயினும் சில இரவுகளில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகின்றது. துணைக்கு வந்தவர் அரை மணித்தியாலம் பாடிவிட்டு இறங்குகின்றார். பின்னர் வரும் பிரதான கலைஞர் என்ன செய்தாலும் சபையின் மனம் அவரிடம் திரும்புவதில்லை. வீடு செல்லும் ரசிகர்கள் சிறிய எழுத்தில் இருந்தவரைப் பற்றியே பேசிச் செல்கின்றனர்.

இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தியாக நாம் கருதிவிடக்கூடாது. விளம்பரத்தில் பெயர்களின் வரிசையைத் தீர்மானிப்பது நேற்றைய புகழ். சபையின் கரவொலியைத் தீர்மானிப்பது இன்றைய திறமை. இவ்விரண்டும் ஒரே மேடையில் மோதும்போது மூத்தவர் எவ்வாறு நடந்துகொள்கின்றார் என்பதிலேயே ஒரு கலையின் அடுத்த தலைமுறை தங்கியுள்ளது. இதனை விளங்கிக்கொள்வதற்கு 1963ஆம் ஆண்டின் பிரித்தானியா தக்க உதாரணமாகும்.

அக்காலத்தில் பல கலைஞர்கள் ஒரே பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, திரையரங்குகளில் ஒரே மாலையில் இரண்டு காட்சிகள் நடத்துவது வழக்கமாக இருந்தது. 1963 பெப்ரவரி 2ஆம் திகதி பிராட்போர்ட் நகரில் ஆரம்பமான அத்தகைய சுற்றுப்பயணம் ஒன்றின் பிரதான கலைஞர் ஹெலன் ஷாபிரோ. பதினான்கு வயதிலேயே புகழ்பெற்று, 1961இல் இரண்டு பாடல்களைத் தரவரிசையின் முதலிடத்துக்குக் கொண்டு சென்ற அவருக்கு அப்போது வயது 16. துணைக்கலைஞர் பட்டியலில் இருந்த பெயர்களுள் ஒன்று பீட்டில்ஸ். லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வரைக் கொண்ட அக்குழுவுக்கு ஒரு காட்சியில் கிடைத்தவை சில பாடல்கள் மாத்திரமே.

ஆனால் ஜனவரியில் வெளியான அவர்களது 'பிளீஸ் பிளீஸ் மீ' என்ற பாடல், பயணம் நடந்துகொண்டிருந்தபோதே பிரித்தானியாவின் சில தரவரிசைகளில் முதலிடத்தை அடைந்தது. பயணத்தின் இடையில் கிடைத்த ஓய்வில், பெப்ரவரி 11ஆம் திகதி, ஒரே நாளில் தமது முதலாவது இசைத்தட்டுக்கான பத்துப் பாடல்களை அவர்கள் பதிவு செய்து முடித்தனர். மார்ச் மாதம் அமெரிக்கப் பாடகர்களான டொமி றோ, கிறிஸ் மொன்டெஸ் ஆகிய இருவரையும் பிரதான கலைஞர்களாகக் கொண்ட மற்றொரு பயணத்தில் அவர்கள் இணைந்தபோது, சபையின் ஆரவாரத்தைக் கண்ட ஏற்பாட்டாளர்கள் வரிசையை மாற்றி, நிகழ்ச்சியை நிறைவு செய்யும் இடத்தைப் பீட்டில்ஸுக்கே வழங்கினர். மே 18ஆம் திகதி ஆரம்பமான மூன்றாவது பயணத்தில் அமெரிக்காவின் மூத்த பாடகர் றோய் ஓர்பிசனுக்கும் இதுவே நேர்ந்தது. நான்கு மாதங்களுக்குள் துணைக்குழு ஒன்று நாட்டின் முதன்மைக் குழுவாக மாறியிருந்தது.

இவ்விடத்தில் இரண்டு விடயங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது, 'பிளீஸ் பிளீஸ் மீ' பாடலை ஜோன் லெனன் முதலில் எழுதியது ஓர்பிசனின் பாணியைப் பின்பற்றியே என்பது. மெதுவான நடையில் இருந்த அதனை வேகப்படுத்துமாறு ஆலோசனை கூறியவர் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின். ஆக, மூத்தவரை முந்திய இளையவர்கள் அந்த மூத்தவரிடமே கற்றவர்கள். இரண்டாவது, இறுதி இடத்தைப் பெற்ற பின்னர் பீட்டில்ஸ் குழுவினர் நிம்மதியாக இருக்கவில்லை என்பது. மேடையில் அசையாது நின்று பாடிய ஓர்பிசனை மீண்டும் மீண்டும் பாடுமாறு சபை கேட்டுக்கொண்டிருக்க, இவருக்குப் பின்னர் எவ்வாறு மேடையேறுவது என்ற அச்சத்துடன் திரைக்குப் பின்னால் காத்திருந்ததை அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். கௌரவத்துக்குரிய இடமே ஆபத்துக்குரிய இடமும் ஆகும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்துகொண்டனர்.

துணைக்கு வந்தவர் பிரதான கலைஞரை விஞ்சுவது எவ்வாறு சாத்தியமாகின்றது? மேலோட்டமாகப் பார்த்தால் சகல வசதிகளும் பிரதான கலைஞரின் பக்கமே உள்ளன. நிகழ்ச்சிக்கு முன்னரான ஒலிப் பரிசோதனையில் அவருக்கே முதலிடம். எஞ்சிய நேரமே துணைக்குழுவுக்குக் கிடைக்கும். அவரது வாத்தியங்கள் மேடையை நிறைத்திருக்க, துணைக்குழுவினர் அவற்றுக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய இடத்தில் நின்று வாசிக்க வேண்டும். ஒளியமைப்பிலும் ஒலியளவிலும் கூட அவர்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்படுவதுண்டு. சபையில் பாதிப்பேர் இன்னும் வந்து சேர்ந்திருக்கமாட்டார்கள்.

இக்குறைகளுக்குள்ளேயே துணைக்கலைஞரின் பலமும் மறைந்திருக்கின்றது. அவரிடம் எவரும் எதனையும் எதிர்பார்ப்பதில்லை. எனவே நல்லதாக அமையும் ஒவ்வொன்றும் சபைக்கு வியப்பாகின்றது. அவருக்குக் கிடைக்கும் நேரம் குறுகியது; எனவே தம்மிடமுள்ள சிறந்தவற்றை மாத்திரமே அவர் பாடுகின்றார். பிரதான கலைஞரோ இரண்டு மணித்தியாலங்களை நிரப்ப வேண்டியவர். பழைய பாடல்களை இசைத்தட்டில் உள்ளவாறே பாட வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கும் கட்டுப்பட்டவர். இவற்றுக்கு அப்பால், துணைக்கலைஞர் புதியவர் என்பதால் அவர் பயிற்சியற்றவர் என்று எண்ணிவிடலாகாது. பீட்டில்ஸ் குழுவினர் 1960 முதல் 1962 வரை ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து விடுதிகளில் ஒரே இரவில் பல மணித்தியாலங்கள் வாசித்துப் பழகியவர்கள். பிராட்போர்ட் சபைக்கு அவர்கள் புதியவர்கள். மேடைக்குப் புதியவர்கள் அல்லர்.

விஞ்சப்பட்ட மூத்தவர் என்ன செய்வது? இதற்கு றோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் வரலாறு சுவையான விடையொன்றைத் தருகின்றது. 1964 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்கா நகரில் திரைப்படத்துக்காக ஒரு பெரும் இசை நிகழ்ச்சி நடத்தப்பட்டது. இறுதி இடம் இளம் ஸ்டோன்ஸ் குழுவுக்கு. அதற்கு முந்திய இடம் கறுப்பின இசையின் பெருங்கலைஞரான ஜேம்ஸ் பிறவுணுக்கு. இருபது நிமிடங்களுக்கும் குறைந்த நேரத்தில் பாடியும் ஆடியும் மண்டியிட்டு விழுந்து எழுந்தும் பிறவுண் சபையை ஆட்கொண்ட காட்சியை இன்றும் அப்படத்தில் காணலாம். அவருக்குப் பின்னர் மேடையேறியது தமது குழு செய்த பெருந்தவறு என்று கீத் றிச்சட்ஸ் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அப்படம் 2006இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இத்தகைய அனுபவத்துக்குப் பின்னர் பலவீனமான துணைக்குழுக்களையே தேடிப் பிடிப்பது மனித இயல்பாக இருந்திருக்கும். ஆனால் ஸ்டோன்ஸ் குழு 1969இல் தனது அமெரிக்கப் பயணத்துக்கு பி.பி. கிங்கையும் ஐக், டினா டேர்னர் இணையரையும், 1972இல் ஸ்டீவி வொண்டரையும் அழைத்துச் சென்றது. அப்பயணம் முடிந்து சில மாதங்களில், 1973 ஜனவரியில், வொண்டரின் 'சுப்பர்ஸ்டிஷன்' அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. தமக்கு முன்னர் வலிமையானவரை நிறுத்துபவர் தாமும் வலிமையாக வாசிக்க வேண்டிய கட்டாயத்தை ஏற்றுக்கொள்கின்றார். இதனால் ஆதாயம் அடைபவர்கள் ரசிகர்களே.

இதற்கு எதிரான வழியும் உண்டு. 1973 ஒக்டோபரில் ஜமெய்க்காவின் பொப் மார்லியும் வெயிலர்ஸ் குழுவினரும் அமெரிக்காவில் ஸ்லை அண்ட் த ஃபமிலி ஸ்டோன் குழுவுக்குத் துணையாகச் சென்றனர். ஒரு சில நிகழ்ச்சிகளின் பின்னரே அவர்கள் விலக்கப்பட்டு லாஸ் வேகாஸ் நகரில் கைவிடப்பட்டனர். பிரதான குழுவை அவர்கள் விஞ்சியதே காரணம் என்று கூறுவோர் உளர். அவர்களது புதுவகை இசை அச்சபைக்குப் பிடிபடவில்லை என்று கூறுவோரும் உளர். எக்காரணமாயினும் விலக்கியதனால் அவர்களைத் தடுக்க முடியவில்லை. அதே மாத இறுதியில் சான் பிரான்சிஸ்கோ வானொலி ஒன்றுக்காக அவர்கள் வாசித்தவை பிற்காலத்தில் இசைத்தட்டாகவும் வெளிவந்தன. 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் மார்லியே பிரதான கலைஞர்.

அதேவேளை, சபையின் தீர்ப்பு எப்போதும் சரியானது என்று நாம் முடிவு செய்துவிடவும் கூடாது. 1967 ஜூலையில் கிற்றார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ், தொலைக்காட்சித் தொடரால் புகழ்பெற்ற மங்கீஸ் குழுவுக்குத் துணையாக மேடையேறினார். சபையில் நிறைந்திருந்த சிறுமியர் தமக்குப் பிரியமான மங்கீஸ் பாடகரின் பெயரைக் கூவிக்கொண்டே இருந்தனர். இரு வாரங்கள் நிறையுமுன்னரே அவர் அப்பயணத்திலிருந்து விலகிக்கொண்டார். 1981 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெரும் விளையாட்டரங்கில் ஸ்டோன்ஸ் குழுவுக்கு முன்னர் பாடிய இளம் பிரின்ஸ், சபையோர் கூச்சலிட்டுப் பொருட்களை வீசியதனால் இடைநடுவில் மேடையை விட்டு இறங்கினார். மூன்று ஆண்டுகளுக்குள் 'பேர்ப்பிள் றெய்ன்' இசைத்தட்டு அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. துணைக்கலைஞர் ஒருவர் சபையை வெல்லத் தவறுவது அவரது திறமையின்மைக்குச் சான்றாகாது. பொருந்தாத சபைக்கு முன்னால் அவரை நிறுத்தியவர்களின் கணக்குப் பிழையாகவும் அது இருக்கலாம்.

எமது இசை மரபு இவ்விடயத்தை வேறொரு முறையில் கையாண்டிருக்கின்றது. மேலைத்தேய மேடையில் துணைக்குழு இறங்கிய பின்னரே பிரதான கலைஞர் வருகின்றார். கர்நாடக இசைக் கச்சேரியிலோ பக்கவாத்தியக் கலைஞர் பாடகரின் அருகிலேயே அமர்ந்திருக்கின்றார். விஞ்சுதல் நிகழ்வதாயின் அது அவரது கண்முன்னேயே நிகழும். ஆயினும் தனி ஆவர்த்தனம் என்ற பகுதியின் மூலம் தாள வாத்தியக் கலைஞருக்கு உரிய நேரத்தை எமது மரபு கச்சேரிக்குள்ளேயே ஒதுக்கி வைத்துள்ளது. அந்த நேரத்தில் பாடகர் மௌனமாகித் தாளம் போடுகின்றார். இளம் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தை ஊக்குவித்து வளர்த்தவர்களுள் முதன்மையானவர், பாடகரான செம்பை வைத்தியநாத பாகவதர். அந்த மணி ஐயரே 1966இல் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதலாவது மிருதங்கக் கலைஞர். யாழ்ப்பாணத்து ஆலய வீதிகளிலும் இது நிகழ்ந்துள்ளது. நாதஸ்வரத்துக்குத் துணையான வாத்தியமே தவில். எனினும் 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்பதற்கென்றே மக்கள் திரண்டனர் என்பதை எமது மூத்த தலைமுறையினர் நன்கறிவர்.

இன்றைய நிலையில் இவ்விடயம் மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. இசைத்தட்டு விற்பனை அருகி, பாடல்கள் கைத்தொலைபேசியில் கிடைக்கும் இக்காலத்தில் மேடை நிகழ்ச்சியே பெரும்பாலான கலைஞர்களின் பிரதான வருமானமாகும். பெருங்கூட்டத்தின் முன்னால் அறிமுகமாகும் வாய்ப்பை இளங்கலைஞருக்குத் தருவது துணைக்கலைஞர் என்ற அந்தச் சிறிய இடமே. மேலைத்தேயத்தில் சில பயணங்களில் துணைக்குழுவே பணம் செலுத்தி அந்த இடத்தை வாங்கும் வழக்கமும் தோன்றியுள்ளது. பணமுள்ளவருக்கு மாத்திரம் அந்தக் கதவு திறக்குமாயின், ஹம்பேர்க் விடுதிகளில் உழைத்து வந்தவர்களைப் போன்ற இளைஞர்கள் பேருந்திலேயே ஏறமுடியாது போய்விடும்.

எமது நாட்டிலும் கடல் கடந்து வரும் பெயர்பெற்ற பாடகர்களின் நிகழ்ச்சிகள் இப்போது நடைபெறுகின்றன. அத்தகைய மேடைகளில் உள்ளூர் இளைஞர் குழுவொன்றுக்கு அரை மணித்தியாலமும், ஒழுங்கான ஒலிப் பரிசோதனையும், உரிய சன்மானமும் வழங்குவது ஏற்பாட்டாளர்களுக்குப் பெருஞ்சுமையன்று. ரசிகர்களாகிய எமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நுழைவுச்சீட்டில் சிறிய எழுத்தில் உள்ள பெயருக்காகவும் நாம் நேரத்துடன் சென்று ஆசனத்தில் அமர்வோமாக. 1963 பெப்ரவரி 2ஆம் திகதி பிராட்போர்ட் திரையரங்குக்குத் தாமதித்துச் சென்றவர்கள் ஹெலன் ஷாபிரோவைக் கண்டனர். எதனைத் தவறவிட்டனர் என்பதைப் பின்னரே அறிந்துகொண்டனர்.