நடவு வயலும் பணியிடம்தான்!

தண்ணீர், நிழல், ஓய்வு, மறைவிடம்... வேலையாட்களைக் காக்கும், சாகுபடியையும் காக்கும்!

குறுவை நடவுக்குக் கிளம்பும் பெண்களில் பலர், காலையில் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்து விடுகிறார்கள். தாகம் இல்லாமல் அல்ல. திறந்து கிடக்கும் வயல்வெளியில் ஒதுங்க மறைவிடம் கிடையாது. வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ள வேண்டுமே என்று, குடிக்கும் தண்ணீரைக் குறைத்துக் கொள்கிறார்கள். சிறுநீர்க்கடுப்பு, தலைவலி, கிறுகிறுப்பு என்று அதன் பலனை அனுபவிப்பதும் அவர்கள்தான்.

நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார உரிமை கிடைத்தது. நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்க்கும் நடவுப் பெண்களின் பணியிடம் வயல். அங்கே ஆள் விட்டு வேலை வாங்கும் இரண்டு ஏக்கர் விவசாயியும் ஒரு முதலாளிதான். ஆள்களின் உடல்நலம் அவர் பொறுப்பிலும் இருக்கிறது.

கூலியில் தொடங்கிய வரலாறு

டெல்டாவுக்கு இது புதிய பேச்சு அல்ல. பண்ணையாட்களை நினைத்த நேரத்தில் வெளியேற்றுவதைத் தடுக்க, 1952-ல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வுக் கோரிக்கையை ஒட்டி எழுந்த மோதலின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே, 1969-ல், விவசாயத் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் நிறைவேறியது.

கூலிக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால், வயலில் குடிதண்ணீர் இருக்கிறதா, உட்கார நிழல் இருக்கிறதா என்பதெல்லாம் இன்றைக்கும் பெரும்பாலும் நிலத்துக்காரரின் மனதைப் பொறுத்தே நடக்கிறது.

வெயிலோடு சேரும் புழுக்கம்

உடல் சூட்டைத் தணிப்பது வியர்வை. ஆனால், வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது காற்றில் உலர வேண்டும். அப்போதுதான் உடல் குளிரும். தண்ணீர் கட்டிய நடவு வயலில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும். கடலோரப் பகுதிகளில் இன்னும் அதிகம். வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்க, உடம்பில் நீரும் உப்பும் குறையும். சூடு மட்டும் இறங்காது. தொடர்ந்து இப்படி நடந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்ததும் கவனிக்க வேண்டியது.

ஓய்வு கொடுத்தால் வேலை கெடுமா?

பல விவசாயிகளுக்கு இருக்கும் சந்தேகம் இது. மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடார் நாட்டில், கரும்பு வெட்டும் இளம் தொழிலாளர்கள் பலர் சிறுநீரக நோயால் இறந்துவந்தார்கள். அங்கே 2015 வாக்கில் ஒரு முயற்சி நடந்தது. முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை, இடம்விட்டு இடம் நகர்த்தும் நிழல் பந்தல், நேரம் குறித்த இடைவேளை, கைக்கு இதமான வெட்டுக்கத்தி ஆகியவற்றைக் கொடுத்தார்கள். ஓர் ஆள் ஒரு நாளைக்கு வெட்டிய கரும்பு சராசரியாக 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது. கத்தி மாறியதும் இதற்கு ஒரு காரணம். ஆனாலும், ஓய்வு கொடுத்ததால் வேலை குறையவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

நம் வயலில் என்ன செய்யலாம்?

1. மறைவிடம்: பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் நாலு கீற்றுத் தட்டி, ஒரு குழி, ஒரு வாளித் தண்ணீர் போதும். இதைச் செய்யாமல் தண்ணீர்ப் பானை மட்டும் வைத்தால், பெண்கள் குடிக்க மாட்டார்கள்.

2. தண்ணீர்: நடவு நகர நகர, குடமும் வரப்பில் கூடவே நகர வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், வெயில் நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடிக்கச் சொல்லுங்கள். நீராகாரம், உப்புப் போட்ட மோர் நல்லது.

3. நிழல்: மரம் இல்லாத இடத்தில் நாலு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும் கட்டலாம். பால்குடிப் பிள்ளையோடு வருபவர்களுக்கும் அதுவே இடம்.

4. நேரம்: விடிந்ததும் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன்பாக முடிப்பது நல்லது. ஒப்பந்த நடவுக் குழு வந்தாலும், இடைவேளையை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஏக்கர் கணக்கில் கூலி வாங்குபவர்கள் தாங்களாக ஓய்வு எடுக்கமாட்டார்கள். வெளிமாநில ஆள்களுக்கும் இது பொருந்தும்.

5. குனியும் வேலையைக் குறைப்பது: நடவு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில் பயன்படுத்தலாம். வரிசை நடவு செய்தால் கோனோவீடர் ஓட்டி, நின்றபடியே களை எடுக்கலாம்.

6. எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர், காலில் உள்ள வெட்டுக்காயம், சேற்றுப்புண் வழியாக நோயைக் கொடுக்கும். புண் உள்ளவர்களைச் சேற்றில் இறக்காமல் வரப்பு வேலைக்கு அனுப்புங்கள். காய்ச்சல் வந்தால், வயல் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

7. பதிவு: முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் சேரலாம். விபத்து நேர்ந்தால் நிவாரணம் உண்டு. வழக்கமாக வரும் ஆள்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துப்போங்கள்.

யாராவது மயங்கினால்...

தலைசுற்றல், வாந்தி, பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே நிழலுக்குத் தூக்கி வாருங்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

தட்டி, தார்ப்பாய், குடம் எல்லாம் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும் பொருள்கள். நடவு நேரத்தில் ஆள் கிடைக்காமல் நாற்று முற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே நாளில் நாலு பேர் கூப்பிட்டால் எந்த வயலுக்கு முதலில் போவது என்பதை நடவாட்கள்தான் முடிவு செய்கிறார்கள். வரும் குறுவைக்கு விதைநெல் எடுத்து வைக்கும்போதே, கீற்றுத் தட்டிகளையும் முடைந்து வைக்கலாம்.