முதல் சோற்றுக்குப் பின் தொடர் வாந்தியா? குழந்தைகளின் குடலைப் பாதிக்கும் உணவுப் புரத ஒவ்வாமை

திருப்பதி: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்ததும் பால் சோறோ பாயசமோ ஊட்டி அன்னப்பிராசனம் செய்வது சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றிலும் உள்ள வழக்கமாகும். பெரும்பாலான குழந்தைகள் இந்த முதல் உணவை எளிதாக ஏற்றுக்கொள்கின்றன. மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் பாலிலோ அரிசியிலோ உள்ள புரதம் குடலில் கடுமையான எதிர்வினையைத் தூண்டுகிறது. மருத்துவத்தில் இது 'உணவுப் புரதக் குடல் அழற்சி நோய்க்குறி', சுருக்கமாக 'எஃப்பைஸ்' எனப்படுகிறது.

அறிகுறிகள் என்ன?

உணவு உண்ட 1 முதல் 4 மணி நேரத்திற்குள் குழந்தை மீண்டும் மீண்டும் வாந்தி எடுக்கும். முகம் வெளிறி, உடல் துவண்டு போகும். சில குழந்தைகளுக்கு 5 முதல் 10 மணி நேரத்தில் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பாதிப்பு கடுமையானால் நீரிழப்பினால் ரத்த அழுத்தம் குறைந்து உயிருக்கு ஆபத்து நேரலாம்.

தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான ஒவ்வாமை அறிகுறிகள் இதில் பொதுவாகத் தோன்றுவதில்லை. எனவே, கிருமித்தொற்று என்றோ உணவு நஞ்சானது என்றோ தவறாகக் கருதப்படும் வாய்ப்பு அதிகம். அதே உணவை உண்ணும்போதெல்லாம் அதே தொல்லை திரும்புவதும், உணவை நிறுத்தியதும் ஒரு நாளுக்குள் குழந்தை தேறுவதும் முக்கியத் தடயங்களாகும்.

பரிசோதனையில் தெரியாதது ஏன்?

உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான 'ஐஜிஇ' எதிர்ப்பொருளுக்கு இந்நோயில் பொதுவாகப் பங்கில்லை. ஆகவே தோல், ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. பெற்றோர் கூறும் விவரங்களே நோயை அறிய உதவுகின்றன.

1970-களில் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டின் பவல் இந்நோயை விரிவாக ஆராய்ந்தார். சர்வதேச வழிகாட்டு நெறிகள் 2017-ஆம் ஆண்டில்தான் வெளியாயின. இஸ்ரேலில் 13,019 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், பசும்பாலால் இந்நோய் ஏற்பட்டவர்கள் 0.34 சதவீதம் எனத் தெரியவந்தது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அரிசியும், ஸ்பெயின், இத்தாலியில் மீனும் முக்கியத் தூண்டுபொருள்களாக உள்ளன.

பாலை மாற்றினால் போதுமா?

பால் வளம் மிக்க சித்தூர் பகுதியில் பசும்பாலுக்கு மாற்றாக எருமைப்பாலோ ஆட்டுப்பாலோ எளிதில் கிடைக்கும். ஆனால் இவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை ஒத்திருப்பதால் மாற்று உணவாகா. அரிசி ஒவ்வாத குழந்தைக்குப் பிற தானியங்களும் ஒவ்வாமற்போகலாம் என்பதால், கேழ்வரகுக் கூழையும் மருத்துவர் ஆலோசனையுடன் தொடங்குவதே நல்லது.

தாய்ப்பால் மட்டுமே குடித்து, நன்றாக வளரும் குழந்தையின் மலத்தில் ரத்தக் கோடுகள் காணப்படுவது இதே வகையைச் சேர்ந்த, ஆனால் மிதமான மற்றொரு பாதிப்பாக இருக்கலாம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. தாய் சில வாரங்கள் பால் பொருள்களைத் தவிர்க்குமாறு மருத்துவர் அறிவுறுத்தக்கூடும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

தொடர் வாந்தியுடன் குழந்தை துவண்டால் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையும், சித்தூரின் எல்லையோரக் கிராமங்களுக்கு வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன. நரம்பு வழியே திரவம் செலுத்துவதே முதன்மைச் சிகிச்சை. வாந்தியைக் கட்டுப்படுத்த ஒண்டான்செட்ரான் மருந்தும் பயன்படுகிறது.

என்ன உணவு, எவ்வளவு, எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது, வாந்தி எப்போது தொடங்கியது ஆகியவற்றைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூற வேண்டும். சந்தேகத்துக்குரிய உணவை வீட்டிலேயே மீண்டும் கொடுத்துச் சோதிப்பது ஆபத்தானது. அச்சத்தால் பல உணவுகளை ஒருசேர விலக்குவதும் தவறு. அது ஊட்டச்சத்துக் குறைபாட்டில் முடியும்.

பெரும்பாலான குழந்தைகள் 3 முதல் 5 வயதுக்குள் இந்த ஒவ்வாமையிலிருந்து விடுபடுகின்றனர். விடுபட்டார்களா என்பதை மருத்துவமனைக் கண்காணிப்பில் அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்தே உறுதி செய்ய வேண்டும்.