உப்பின் வேலையை எலுமிச்சை செய்யும்

காய்கறி என்றாலே முகம் சுளிக்கிறவர்களைத் திட்டிப் பயனில்லை. குழைய வேகவைத்து, தண்ணீரை வடித்த பீன்ஸில் ருசி எங்கே இருக்கும்? அதை ஈடுகட்டத்தான் உப்பும் எண்ணெயும் தாராளமாக விழுகின்றன. நாளொன்றுக்குக் காயும் பழமுமாக 400 கிராமாவது சாப்பிட வேண்டும், உப்பு 5 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலாவதைக் கடைப்பிடிக்கப் போனால் இரண்டாவது கைநழுவுவதுதான் நம் சிக்கல். காயை அவனில் சுட்டு, இறக்கியபின் புளிப்பான கலவையில் பிரட்டினால் இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்ளலாம்.

சூடு தரும் ருசி

200 டிகிரி செல்சியஸ் சூட்டில் முதலில் காயின் மேல் ஈரம் வற்றுகிறது. பிறகே நிறம் மாறும். காலிஃபிளவர் பூவின் நுனி பொன்னிறமாகும், கேரட் துண்டின் ஓரம் சுருங்கி இனிப்பேறும். காயிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் கூடி உண்டாக்கும் இந்த மாற்றத்தை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மயார். தட்டில் நெருக்கி அடைத்தால் ஆவியிலேயே வெந்து சொதசொதத்துவிடும். ஒரே அடுக்காக, இடம்விட்டுப் பரப்ப வேண்டும். அரை கிலோ காய்க்கு மூன்று தேக்கரண்டி எண்ணெய் தாராளம். அதுவும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேரட், பரங்கிக்காயில் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெயே இல்லாவிட்டால் அது உடலில் சரியாகச் சேராது.

புளிப்பு ஏன் கடைசியில்?

எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், மிளகுத்தூள், வறுத்துப் பொடித்த சீரகம், கொஞ்சம் இஞ்சிச் சாறு, இரண்டு சிட்டிகை உப்பு. இதைக் கலந்து, காய் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஊற்றிப் பிரட்டி, கொத்தமல்லி தூவினால் முடிந்தது. புளிப்பு நாக்கில் உப்புச் சுவையைத் தூக்கிக் காட்டும் என்பதால் குறைந்த உப்பே நிறைவாகத் தெரியும். புளியை முதலிலேயே விட்டால் காய் வேகாது என்பது சமையலறையில் எல்லோரும் அறிந்தது. எலுமிச்சைக்கும் அதே கதைதான், பச்சைக் காயின் நிறமும் மங்கிவிடும். இதைவிட முக்கியமானது வைட்டமின் சி. அவனின் சூட்டில் காயிலுள்ளதில் ஒரு பங்கு அழிந்துபோகிறது என்ற ஆட்சேபம் நியாயமானதே. அந்த இழப்பைக் கடைசியில் சேர்க்கும் பச்சைச் சாறு ஓரளவு ஈடுசெய்கிறது. வைட்டமின் சியின் பயன் இதோடு நிற்கவில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சாது. அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால் உறிஞ்சுவது கூடும். மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரைக்கு இது மாற்றாகாது. ஊறுகாய் தொட்டுக்கொண்டால் போதாதா என்றால், போதாது. அதில் புளிப்போடு நாம் குறைக்க நினைக்கும் உப்பும் மொத்தமாக வந்துவிடுகிறது.

கருகினால் ஆபத்தா?

மாவுச்சத்துள்ள உணவை அதிகச் சூட்டில் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்னும் வேதிப்பொருள் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். விலங்குகளில் இது புற்றுநோய் உண்டாக்குவதற்குச் சான்று உண்டு. உணவு வழியாக மனிதருக்கு எவ்வளவு கெடுதல் என்பது இன்னும் உறுதியாகவில்லை. கவலைக்குரியது முக்கியமாக உருளைக்கிழங்கு. அதற்காகச் சுடுவதை விட்டு எண்ணெயில் பொரிக்கப் போவதில் அர்த்தமில்லை, அங்கேயும் அதே அக்ரிலமைடுதான். நறுக்கிய கிழங்கைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் துடைத்து, பொன்னிறத்தோடு இறக்கினால் அளவு குறையும். கருத்த ஓரங்களைக் கிள்ளி எறிந்துவிடலாம்.

அவன் இல்லாத வீடுகளே அதிகம் என்பதும் உண்மை. கத்தரிக்காயை அடுப்பில் சுட்டுக் கொத்சு செய்யும் ஊருக்கு இது பெரிய தடையாகத் தோன்றவில்லை. கனமான இரும்புக் கடாயில் மூடி போடாமல், மிதமான தீயில், அடிக்கடி கிளறாமல் விட்டாலே காய் சிவந்துவிடும். எலுமிச்சையை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றியபின் சேர்க்க வேண்டும்; இரும்பில் பட்டால் காய் கறுத்து உலோக வாடை அடிக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சாற்றைக் குறைத்துக்கொள்ளலாம். சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியக் கட்டுப்பாடு இருக்கலாம். பீட்ரூட், உருளைக்கிழங்கு, பரங்கி ஆகியவற்றை எவ்வளவு சாப்பிடலாம் என்று அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.