யாரிடம் முதலில் போவீர்கள்?

இரவு பதினோரு மணி. வார்டில் உங்கள் பொறுப்பில் நான்கு பேர். முதல் கட்டிலில், பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்து டிராக்‌ஷனில் கிடக்கும் 24 வயது இளைஞர். வலி தாங்கவில்லை என்று வார்டே எழுந்துகொள்ளும்படி கத்துகிறார். ஆனால் கால் விரல்களை அசைக்கிறார், பாதமும் வெதுவெதுப்பாக இருக்கிறது. இரண்டாவது கட்டிலில் சர்க்கரை 280 காட்டும் பெரியவர். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார், இன்சுலின் போட வேண்டும். மூன்றாவது கட்டிலில் குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்தவர். நாளைக்கு வீட்டுக்குப் போகலாமா என்று அவர் மனைவி இரண்டாவது தடவையாக வந்து கேட்டுவிட்டுப் போகிறார். நான்காவது கட்டிலில் டெங்குவுக்காகச் சேர்க்கப்பட்ட 19 வயதுப் பெண். ஐந்து நாளாக அடித்த காய்ச்சல் இன்று மாலைதான் விட்டது. "வயிறு வலிக்குது சிஸ்டர்" என்று ஒரு தடவை சொன்னாள். இப்போது சத்தமில்லாமல் சுருண்டு படுத்திருக்கிறாள். கை சில்லிட்டிருக்கிறது.

போக வேண்டியது நான்காவது கட்டிலுக்கு. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், ரத்தம் கெட்டிப்படும், நாடி சன்னமாகும், பி.பி. விழும். அந்த 24 முதல் 48 மணி நேரத்தைக் கவனித்துக் கடத்திவிட்டால் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்வார்கள். வயிற்று வலி, சோர்வு, சில்லிட்ட கை என்று மூன்று எச்சரிக்கைகளையும் அந்தப் பெண் காட்டிவிட்டாள். கத்துபவருக்கு வலி இருக்கிறது; அவருக்கு மருந்து தர வேண்டும், அதுவும் சீக்கிரம் தர வேண்டும். ஆனால் உயிர் போகக்கூடிய இடம் அமைதியாக இருக்கும் அந்தக் கட்டில்.

இதே டெங்குவைப் பற்றி 'விரிவாக எழுதுக' என்று கேட்டால் நம் நர்சிங் மாணவிகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கொசுவின் பெயர், வைரஸின் நான்கு வகைகள், அறிகுறிகள், தடுப்பு முறைகள் எல்லாம் வரும். மதிப்பெண்ணும் வரும். அப்படி எழுதிய கை, இரவுப் பணியில் எந்தக் கட்டிலின் பக்கம் நீளும் என்பதை அந்தக் கேள்வி சோதிக்கவில்லை. செவிலியர் படிப்பில் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பது நாளை நமக்கோ நம் வீட்டுப் பெரியவருக்கோ என்ன நடக்கும் என்பதை முடிவு செய்கிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

சென்னையை அடுத்த செம்பரம்பாக்கத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் தண்டலத்தில் சவீதா, இன்னொரு பக்கம் நசரத்பேட்டையை ஒட்டிப் பனிமலர், பூந்தமல்லி தாண்டிப் போனால் போரூரில் ஸ்ரீராமச்சந்திரா என்று பெரிய மருத்துவமனைகள் அணிவகுத்த சாலை இது. பூந்தமல்லியிலேயே அரசின் பொதுச் சுகாதாரப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. காலையில் கல்லூரி பஸ்களில் சீருடையோடு போகும் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தவர்கள். வீட்டில் முதல் பட்டம் வாங்கப் போகிறவர்கள். அவர்கள் மடியில் இருப்பது பெரும்பாலும் ஜெராக்ஸ் கட்டுதான். போன ஐந்து வருடத்து வினாத்தாள்கள், சீனியர் அக்காக்கள் கைமாற்றிக் கொடுத்த 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்', நட்சத்திரக் குறி போட்ட 'ரிப்பீட்' கேள்விகள்.

அந்தக் கட்டை நான் குறை சொல்ல மாட்டேன். கேள்வியை வைத்துப் படிப்பது மிக நல்ல வழி என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் பாடப்பகுதியை இரண்டு முறை படித்தார்கள். மற்றப் பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவில் நின்றது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னையே கேட்டுக்கொள்வது, மறுபடி மறுபடி கோடு போட்டு வாசிப்பதைவிட மேல்.

ஆக, குறை கேள்வியை வைத்துப் படிப்பதில் இல்லை. கேள்வியின் தரத்தில் இருக்கிறது. அதைவிட, விடையோடு காரணம் இல்லாததில் இருக்கிறது. நம் சந்தையில் கிடைக்கும் எத்தனையோ வினா வங்கிகளில் கடைசிப் பக்கத்தில் '1-பி, 2-டி, 3-ஏ' என்று ஒரு பட்டியல் மட்டும் இருக்கும். ஏன் 'பி' சரி, ஏன் 'சி' தவறு என்று ஒரு வரி இருக்காது. சில இடங்களில் அந்தப் பட்டியலே தவறாக இருக்கும். காரணம் தெரியாத மாணவி அந்தத் தவறையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொள்வாள்.

தேர்வுகள் இதற்கிடையே மாறிக்கொண்டிருக்கின்றன. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நாட்டின் முதல் செவிலியர் பள்ளி தொடங்கியது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.யில் பட்டப்படிப்பு வந்தது. அந்த நெடுங்கதையில் அண்மைய திருப்பம், 2021-22 கல்வியாண்டில் இந்திய நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி. நர்சிங்கை எட்டு செமஸ்டர்களாகப் பிரித்தது. மேசை மேசையாகச் சென்று செய்து காட்டும் செய்முறைத் தேர்வும் அதோடு வலுப்பெற்றது. படிப்பு முடிந்தால் மாநில அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. தேர்வு. எய்ம்ஸ் வேலைக்கு 2020 முதல் நார்செட். அதில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். அமெரிக்கா போக என்கிளெக்ஸ். அந்தத் தேர்வு 1994 முதல் கணினியில் நடக்கிறது. நீங்கள் சொல்லும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினியே கூட்டும், குறைக்கும். 2023 ஏப்ரல் முதல் ஒரே நோயாளியின் கதையைக் கொடுத்து, மணிக்கு மணி அவர் நிலை மாறுவதைக் காட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்வாய் என்று கேட்கிறது. மனப்பாடம் அங்கே கொஞ்ச தூரம்தான் வரும்.

அதனால் நம் பிள்ளைகள் கைபேசியில் அமெரிக்க வினா வங்கிகளைத் தேடிப் போகிறார்கள். அவற்றில் ஒவ்வொரு விடைக்கும் காரணம் இருக்கிறது, தவறான விடைகளுக்கும் இருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே அவற்றைப் படிக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்த நோயாளிகள் பவுண்டில் எடை சொல்வார்கள், ஃபாரன்ஹீட்டில் காய்ச்சல் சொல்வார்கள்; அதுகூடப் பரவாயில்லை. இன்சுலினில் விளையாட முடியாது. அங்கே இன்சுலின் என்றாலே மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். நம்மூர் குப்பிகளில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இன்றும் பரவலாக இருக்கிறது; அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் என்பது ஒன்றில் 0.5 மில்லி, மற்றதில் 0.2 மில்லி. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! அந்த நோயாளி விடியும் முன் தாழ்சர்க்கரையில் மயங்கிவிடுவார். இதைக் கேட்கும் கேள்வியை வெளிநாட்டு வங்கி தராது. நாம்தான் எழுத வேண்டும்.

ட்ரிப் கணக்கும் அப்படியே. 500 மில்லி சலைன், நான்கு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு; நிமிடத்துக்கு எத்தனை? பெருக்கி வகுத்து 42 என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். வார்டில் நடப்பது இதற்கு அடுத்த கட்டம். பத்து மணிக்குப் போட்ட ட்ரிப், பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் பாட்டிலில் இன்னும் 350 மில்லி நிற்கிறது. நோயாளிக்கு 70 வயது, இதயம் பலவீனம். நேரத்துக்கு முடிக்க வேண்டும் என்று நிமிடத்துக்கு 58 சொட்டாகத் திருகிவிடலாமா? கூடாது. ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, மூச்சையும் பி.பி.யையும் கவனித்து, மருத்துவரிடம் சொல்லி, அவர் சொன்னபின் மாற்ற வேண்டும். விட்ட நேரத்தைப் பிடிக்கப் போய் நுரையீரலில் நீர் கோத்துவிட்டால்? கணக்கு சரியாகவும் முடிவு தவறாகவும் இருக்கக்கூடிய இடம் இது. நல்ல கேள்வி என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. சமூக நலச் செவிலியம் பாடத்தில் 'நீரைச் சுத்திகரித்தல்' பல தலைமுறையாக வரும் கேள்வி. செம்பரம்பாக்கத்தில் நாளுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே 24 அடி உயரம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள ஏரி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் இந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டு அடையாறு ஊருக்குள் புகுந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, 'பெரிய அளவில் நீர் சுத்திகரிப்பு: படம் வரைந்து விளக்குக' என்றா கேட்க வேண்டும்?

இப்படிக் கேட்கலாமே. வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், தெருவுக்குப் பொதுவான 5,000 லிட்டர் தொட்டி, அதில் கலங்கல் நீர் புகுந்திருக்கிறது. கையில் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்ற பாடப்புத்தகக் கணக்கில் 12.5 கிராம் போட்டால் போதுமா? போதாமல் போகலாம். அந்தக் கணக்கு ஓரளவு தெளிந்த நீருக்கு. அழுக்கு கூடினால் குளோரினை அழுக்கே தின்றுவிடும். ஹாராக்ஸ் கருவியில் தேவையை அளந்து, போட்டு, ஒரு மணி நேரம் விட்டு, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷார்ட் நோட்ஸாக மட்டுமே தெரிந்த ஹாராக்ஸ் கருவி எதற்கு என்று அன்றைக்குப் புரியும். பத்து நாள் கழித்து அதே தெருவில் ஒருவர் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, சிவந்த கண்ணோடு வந்தால், வெள்ளத் தண்ணீரில் நடந்தாரா என்றும், சிறுநீர் குறைந்திருக்கிறதா என்றும் எலிக்காய்ச்சலை நினைத்துக் கேட்கத் தோன்றும்.

இந்தப் பகுதிக்கே உரிய கேள்விகள் இன்னும் எத்தனையோ. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் எந்திரத்தில் விரல் நசுங்கி வரும் ஒடிசா இளைஞருக்குத் தமிழ் தெரியாது, கூட வந்த சூப்பர்வைசரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார். செவிலியர் என்ன செய்ய வேண்டும்? பத்து வருடமாகச் சர்க்கரை உள்ள 58 வயது அம்மா, "நெஞ்சு வலியெல்லாம் இல்ல பாப்பா, வாயு புடிச்ச மாதிரி இருக்கு, வேர்த்து வேர்த்துக் கொட்டுது" என்கிறார். ஜீரண மாத்திரை கொடுத்து உட்கார வைப்பதா, பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுப்பதா? சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடிக்காமலும் வரும். எம்.ஆர்.பி. தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது, 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். ஆனால் நோயாளி தன் வாயால் சொல்லும் குறையை வைத்துச் செவிலியக் கேள்வி கேட்கும் தாள் எதுவும் இல்லை. அந்த அம்மா சொன்ன சொல்லிலேயே கேள்வியை எழுதி, மாணவி அதைப் பரிசீலித்துப் பழக வேண்டும்.

இதற்கு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு மாணவிகள், ஒரு நோட்டுப் புத்தகம். போஸ்டிங் முடிந்து வந்த அன்று, பார்த்ததை வைத்து ஆளுக்கு ஒரு கேள்வி. நோயாளியின் பெயர், ஊர், கட்டில் எண் எதுவும் கூடாது. வயதைக்கூடக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். நான்கு விடைகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். சரியான விடையை எழுதுவது சுலபம். நம்பும்படியான மூன்று தவறான விடைகளை எழுதுவதுதான் கடினம். ஒரு புதியவள் எங்கே சறுக்குவாள் என்று தெரிந்தால்தான் அது வரும். அந்த யோசனையே பாதிப் படிப்பு.

ஆனால் அந்த நோட்டை யாராவது திருத்த வேண்டும். திருத்தப்படாத வினா வங்கி ஜெராக்ஸ் கட்டைவிட ஆபத்தானது. வார்டு மேற்பார்வை, வகுப்பு, ரெக்கார்டு திருத்தம், கவுன்சில் ஆய்வுக்கான கோப்புகள் என்று நம் நர்சிங் ஆசிரியைகளின் நாள் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. கல்லூரி முதல்வர்கள் வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே இதற்கு ஒதுக்கி, அந்த நேரத்தில் வார்டின் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரையும் வகுப்புக்கு வரவழைக்க வேண்டும். கேள்விகளுக்கான விஷயம் எல்லாம் அவரிடம்தான் இருக்கிறது.