புராண நாவலும் நம் நாவலும்

நாவலந்தீவு என்னும் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். அப்பெயருக்குக் காரணமான மரத்தின் இயல்புகளை ஊன்றி நோக்கினோரோ மிகச் சிலர்.

ஸ்ரீமத் பாகவதம், ஐந்தாம் ஸ்கந்தத்து 16ஆம் அத்தியாயத்தில் அம்மரத்தை விரித்துரைக்கின்றது. மேருவைச் சூழ்ந்த நான்கு மலைகளுள் ஒன்றாகிய மேருமந்தரத்தின்மேல் அது நிற்கின்றது. பழம் ஒவ்வொன்றும் யானையின் உடலளவு பெரிது. விதையோ இல்லையென்று சொல்லுமளவு சிறிது. உயரத்தினின்று வீழ்ந்து சிதறும் பழங்களின் சாறு ஜம்பு நதியாய்ப் பெருகும். அச்சாற்றில் ஊறிய கரைமண், காற்றும் வெயிலும் பட்டு உலர்ந்து, ஜாம்பூநதம் என்னும் பொன்னாகும். மரத்தின் உயரம் 1100 யோசனை என்றும், அந்நதிநீரைப் பருகுவோர்க்கு வியர்வையும் துர்நாற்றமும் மூப்பும் இல்லையென்றும் விஷ்ணு புராணம் கூறும்.

இதனைப் பொய்யென நகைப்பாரும், எழுத்துக்கு எழுத்து மெய்யென வாதிடுவாரும் நம் மாணவரிடையே உளர். இரு சாராரும் உண்மை நாவலை மறந்துவிடுகின்றனர். (நாம் கடையில் வாங்கும் சிவந்த ஜம்புப் பழம் வேறு, வடமொழி நூலார் ஜம்பு என்றது நம் கருநாவலையே. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் சிலரும் இவ்விடத்தில் இடறினர்.)

திரியாய் போன்ற உலர்வலயத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு நாவலின் குறைகளை எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. சதை சிறிது, கொட்டை பெரிது. கனிந்தபின்னும் துவர்ப்பு முற்றும் நீங்காது. தோல் மிக மெல்லியதாதலின் வீழ்ந்த பழம் நசுங்கி, நிலத்தையும் ஆடையையும் ஊதாக் கறையாக்கும். ஓரிரு நாளில் அழுகுவதால் தொலைவுச் சந்தைக்கும் உதவாது.

இக்குறைகளைப் புராணத்தோடு ஒட்டிப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். பெரிய கொட்டை அங்கே மறைந்துவிட்டது. மண்ணிற் படிந்த கறை பொன்னாயிற்று. விரைவில் அழுகும் கனியின் சாறே மூப்பை அகற்றுவதாயிற்று. இம்மரத்தைக் கற்பித்தவர் நாவற்பழத்தைத் தின்று, கொட்டையைத் துப்பி, கறையையும் கண்டவர் என்றே யான் கருதுகின்றேன். அறியாதவர் பழத்தைப் பெருக்கியிருப்பார். விதையைச் சுருக்க நினைத்திரார்.

தமிழ்ப் புலவரும் இம்மரத்தை இரு வகையாலும் கண்டனர். மணிமேகலைப் பதிகத்தில் சம்பாபதித் தெய்வம் நாவலின்கீழ் நின்று இத்தீவைக் காக்கின்றாள். நற்றிணை 35ஆம் பாட்டின் நாவலோ கடற்கரை மணலில் நிற்கும் எளிய மரம். உதிர்ந்த கரும்பழத்தைத் தன் இனமென்று வண்டு மொய்க்கின்றது. அவ்வண்டைப் பழமென்று நண்டு பற்றுகின்றது. இரைதேடி வந்த நாரையால் வண்டு விடுபடுகின்றது.